மண்ணில் ரசாயனம் கலந்திருக்கிறதா என்று பார்க்க மாதிரி எடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பென்னாகரம் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலும் மண் மாதிரி எடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பரிசோதனைக்கூடத்தில் நடக்கிற தவறைவிட, கொல்லையில் மண் அள்ளும்போது நடக்கிற தவறுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு ஏக்கரில் மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் கணக்குப் போட்டாலே சுமார் 9 லட்சம் கிலோ வரும். உலோகம் இருக்கிறதா என்று பார்க்க, கூடத்தில் அமிலத்தில் கரைப்பது அதில் ஒரு கிராம், மிஞ்சினால் இரண்டு கிராம். அந்த ஒரு கிராம் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதைப் பொறுத்துத்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. போனிலும் நேரிலும் பலர் என்னிடம் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மண்வள அட்டை வாங்கிவிட்டேன். அதில் குறை எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பரிசோதனை எதற்கு?

அந்த அட்டை வேறு வேலைக்கானது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்ய இது போதும். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக், பூச்சிமருந்து எச்சம், எண்ணெய் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அட்டை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மண்ணில் விஷம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மண் எடுக்கும் முறையும் தலைகீழ். உரப் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், எருக்குழி, மரத்தடி இதையெல்லாம் தவிர்க்கச் சொல்வார்கள். ரசாயனம் தேடும்போது முதலில் போக வேண்டிய இடங்களே அவைதான். கழிவுநீர் வாய்க்கால் வழியாகத்தான் வரும். மருந்து டப்பாவைக் கழுவி ஊற்றுவது வரப்பு ஓரத்தில்தான்.

அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள கார அமில நிலை இங்கேயும் உதவும். மண் புளித்திருந்தால் காட்மியம், துத்தநாகம் போன்றவை பயிருக்குள் சுலபமாக ஏறும்.

கூடத்தில் "என்னென்ன பார்க்கணும்?" என்று நம்மையே கேட்கிறார்கள். "எல்லாம் பாருங்க" என்றால் ஆகாதா?

ஆகாது. எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே பரிசோதனை கிடையாது. ஒவ்வொரு வகை ரசாயனத்துக்கும் ஒவ்வொரு எந்திரம், ஒவ்வொரு டப்பா, ஒவ்வொரு கட்டணம். அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஊரில் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு, தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எப்போ நாத்தம் அடிச்சுது" என்கிற மூன்று கேள்வியில் நிறைய வந்துவிடும்.

முலாம் பூசும் பட்டறை பக்கத்தில் என்றால் நிக்கல், குரோமியம், துத்தநாகம், சயனைடு. குரோமியத்தில் மொத்த அளவோடு ஆறு இணைதிறன் குரோமியத்தையும் தனியாகக் கேளுங்கள். ஆபத்தானதும் தண்ணீரோடு ஓடுவதும் அதுதான். ராணிப்பேட்டையில் மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை வட மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

பழைய பேட்டரி உடைத்த இடம் என்றால் ஈயம், கூடவே அமிலத்தன்மை. லேத் பட்டறை, வண்டி ஒர்க்ஷாப் என்றால் எண்ணெய், கிரீஸ் கழுவும் கரைப்பான்கள், ஈயம். மாம்பழக்கூழ் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் உலோகம் தேடிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அங்கே பழச்சாறின் புளிப்பும், கழுவப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாவும்தான் பிரச்சினை. கார அமில நிலை, உப்பு, சோடியம் பார்த்தால் போதும். ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் என்றால் கார அமில நிலையோடு சயனைடையும் சேர்த்துக்கொள்ளலாம், மரவள்ளிக் கிழங்கிலிருந்தே அது வரும்.

பழைய மாந்தோப்பில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. பிஹெச்சி என்ற பூச்சிமருந்துப் பவுடரை மூட்டை மூட்டையாகத் தூவிய காலம் ஒன்று இருந்தது. விவசாயத்தில் டிடிடி 1989இல் நின்றது, பிஹெச்சி 1997இல் தடைசெய்யப்பட்டது, எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை வந்ததும் மண்ணிலிருந்து மறைந்துவிடுமா? டிடிடி பாதியாகக் குறையவே பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகலாம். மருந்து கலக்கிய தொட்டி, டப்பா வைத்திருந்த கொட்டகை இருந்த இடம் தெரிந்தால் அங்கே ஒரு மாதிரி தனியாக எடுங்கள். பல வருடம் தாமிர மருந்து அடித்த தோப்பில் தாமிரத்தையும் பார்க்க வேண்டும், அது மக்கிப் போகாது.

தென்பெண்ணைத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்த்துவிட்டு "நுரைக்கு டெஸ்ட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். பெங்களூரு பக்கமிருந்து வரும் கழிவுநீரில் இருக்கிற சோப்புப் பொருள்தான் நுரையாகிறது. அது மண்ணில் பெரும்பாலும் சிதைந்துவிடும். தங்கிப்போவது அதோடு வரும் சோடியமும் உலோகங்களும். அவற்றைக் கேளுங்கள்.

பத்து இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்பினால் செலவு குறையுமே?

குறையும். கூடவே விஷமும் காகிதத்தில் குறைந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது இடத்தில் ஈயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பழைய பேட்டரி உடைத்த மூலையில் மட்டும் 420. பத்தையும் கலந்தால் சராசரி 60. விவசாய நிலத்துக்குக் கனடா வைத்திருக்கும் 70 என்ற அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த மூலையில் கீரை போடுவார்கள். குழந்தைகள் அங்கேதான் விளையாடும்.

ஆரம்ப காலத்தில் நான் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு அண்ணன் கொல்லையில், உரப் பரிசோதனைக்கு எடுக்கிற பழக்கத்திலேயே வளைந்து வளைந்து நடந்து, எடுத்ததையெல்லாம் ஒரே பேசினில் கொட்டிக் கலந்துவிட்டேன். ரிப்போர்ட் நன்றாக வந்தது. அவர் மட்டும் நம்பவில்லை. "தம்பி, அந்த மூலையில புல்லே முளைக்கல, நீ நல்லா இருக்குன்னு சொல்ற" என்றார். திரும்பப் போய் அந்த மூலையைத் தனியாக எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. புல் முளைக்காத இடம், மண்ணின் நிறம் மாறிய இடம், வாடை வரும் இடம் இவற்றை ஒருபோதும் மற்ற மண்ணோடு கலக்காதீர்கள்.

கலப்பது சரியாக இருக்கிற சந்தர்ப்பமும் உண்டு. தோப்பு முழுக்க ஒரே மாதிரி மருந்து அடித்திருக்கிறீர்கள், அல்லது நிலம் முழுக்க ஒரே வாய்க்கால் தண்ணீர் பாய்ந்திருக்கிறது, மொத்த நிலத்தின் சராசரி வேண்டும் என்றால் கலக்கலாம். அப்போது பத்து இடம் போதாது. முப்பது இடமாவது வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு, ஒரே ஆழம். கலந்தபின் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். உரப் பரிசோதனைக்குச் செய்கிற அதே கால்பங்கீடுதான்.

பெட்ரோல், தின்னர், கரைப்பான் போன்ற ஆவியாகும் பொருள் தேடினால் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்கக் கூடாது. கிளறும்போதே பாதி காற்றோடு போய்விடும்.

கழிவுநீர் எங்கிருந்தோ வந்து நிலத்தில் விழுகிறது என்றால் விழும் இடத்தில் ஒன்று, அங்கிருந்து தண்ணீர் ஓடும் திசையில் 10, 25, 50, 100 மீட்டரில் ஒவ்வொன்று என்று தனித்தனியாக எடுங்கள். தூரம் போகப் போக அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கிருந்து வருகிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?

யார் அந்த மண்ணைத் தொடப் போகிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், தூசி படிகிற இடம் என்றால் மேல் 5 சென்டிமீட்டர் போதும். கீரை, தக்காளி, ராகி போடும் நிலம் என்றால் 15 வரை. கலப்பை ஓடும் நிலத்தில் மேல்மண் எல்லாம் கலந்திருக்கும் என்பதால் அதற்குள்ளே பிரித்து எடுத்துப் பயனில்லை. தண்ணீராக ஏதாவது ஊற்றியிருந்தால், அல்லது போர்வெல் தண்ணீர் நிறம் மாறி வந்தால், 15 முதல் 30, 30 முதல் 60 என்று தனித்தனி அடுக்காக எடுக்க வேண்டும். ஈயம் மேல்மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும். உப்பும் ஆறு இணைதிறன் குரோமியமும் கீழே இறங்கும்.

நம் பக்கத்துச் செம்மண்ணில் பல இடத்தில் இரண்டடிக்குக் கீழே சுக்காம்பாறை, அதாவது பாதி மக்கிய பாறை, தட்டிவிடும். அங்கே நிறுத்திவிட்டு, எந்த ஆழத்தில் பாறை வந்தது என்று எழுதி வையுங்கள். அந்தப் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் கிணற்றுக்குத் தண்ணீர் போகிறது, அதனால் அந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

அடுக்கு அடுக்காக எடுக்கும்போது மேல்மண் குழிக்குள் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழியை அகலமாக வெட்டி, பக்கச் சுவரைச் சுத்தமான கரண்டியால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் புது மண்ணை எடுங்கள்.

கெட்டுப்போன மண்ணைப் பரிசோதிக்கிறோம். நல்ல மண்ணையும் எடுக்கச் சொல்கிறீர்களே, ஏன்?

இந்த ஒரு மாதிரியை விட்டதால் வீணாய்ப் போன ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மண் பாறையிலிருந்து வந்தது. பாறையில் என்ன இருக்கிறதோ அது மண்ணிலும் இருக்கும். தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பாறையில் இருக்கிற ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் இறங்கி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பல்லில் கறையாக நின்றது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எந்தத் தொழிற்சாலையும் இல்லாமலே அது அங்கே இருந்தது. இப்போது உங்கள் கொல்லைப் பக்கம் ஒரு செங்கல் சூளை வந்து, மண்ணில் ஃப்ளோரைடு இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்கினால், "இது இந்த ஊர் மண்ணிலேயே இருப்பதுதானே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அருகிலேயே, அதே மண் வகையில், சூளையின் தாக்கம் படாத இடத்தில் எடுத்த மாதிரி கையில் இருந்தால் பதில் சொல்லலாம்.

அந்த ஒப்பீட்டு மண்ணை மேட்டுப் பக்கம் எடுங்கள், தண்ணீர் உங்கள் பக்கமிருந்து அங்கே ஓடக் கூடாது. புகையோ தூசியோ பிரச்சினை என்றால் காற்று வருகிற பக்கம். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் பெரும்பாலும் மேற்குப் பக்கம். பெரிய ரோட்டின் ஓரத்தில் எடுக்காதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும், பழைய நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் அந்த ஈயம் இன்னும் இருக்கலாம். முடிந்தால் இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள்.

என்ன கருவி வைத்து எடுப்பது? வீட்டு மண்வெட்டி போதுமா?

குழி வெட்ட மண்வெட்டியோ கடப்பாரையோ போதும். பரிசோதனைக்குப் போகும் மண்ணை மட்டும் அதால் அள்ளாதீர்கள். பெயின்ட் அடித்த கரண்டியும் முலாம் பூசிய கரண்டியும் வேண்டாம். உலோகம் தேடினால் பிளாஸ்டிக் கரண்டி, பூச்சிமருந்தோ எண்ணெயோ தேடினால் எவர்சில்வர் கரண்டி. மண்வெட்டி பட்ட பக்கத்தை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுங்கள்.

தகர பக்கெட்டில் மண்ணைக் கொட்டாதீர்கள். அதன் மேல் பூசியிருப்பதே துத்தநாகம். யூரியா பை, பொட்டாஷ் சாக்கு, பழைய மருந்து டப்பாவில் மண் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்து கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தவரை அப்படி அனுப்ப மனசு கேட்காது. ஆனாலும் அந்த மண்ணைச் சோதித்தால் பையில் இருந்ததுதான் ரிப்போர்ட்டில் வரும்.

ஒரு இடம் முடிந்து அடுத்த இடத்துக்குப் போகும் முன் கரண்டியை பாஸ்பேட் இல்லாத சோப்பால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவுங்கள். கையுறையையும் மாற்றுங்கள். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடியுங்கள், அப்படிப் போனால் கழுவுவதில் சின்னக் குறை இருந்தாலும் பெரிய பாதகம் வராது.

எந்த டப்பா, எத்தனை நாளுக்குள் கூடத்துக்குப் போக வேண்டும்?

உலோகத்துக்கு மட்டும் என்றால் புது பாலித்தீன் கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. பாதரசம் நீங்கலாக மற்ற உலோகங்கள் ஆறு மாதம் வரை தாங்கும். பாதரசம் ஆவியாகி ஓடிவிடும் குணமுள்ளது, 28 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், ஐஸில் வைக்க வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்தை 30 நாளுக்குள் மண்ணிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அதுவரை குளிர்ச்சியும் ஈரமும் போகக் கூடாது.

பூச்சிமருந்து எச்சமும் கனமான எண்ணெயும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கிலிருந்தும் மண்ணுக்கு வேறு பொருள் வரும். இவற்றுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடி டப்பா, டெஃப்ளான் வைத்த மூடி. 4 டிகிரியில் வைத்து 14 நாளுக்குள் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கிவிட வேண்டும். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், கூடத்தில் கேட்டால் டப்பா அவர்களே தருவார்கள். ஆவியாகும் பொருளுக்குக் கூடம் தரும் சிறப்புக் குப்பியைத் தவிர வேறு எதிலும் போடக் கூடாது. அதைக் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்புவதா, மெத்தனாலில் போடுவதா என்பதை அவர்கள் சொல்லும்படியே செய்யுங்கள்.

ஐஸ் என்றால் கட்டி ஐஸை நேராகப் போட்டு மாதிரியை நனைப்பது இல்லை. ஐஸைத் தனிக் கவரில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் மாதிரிகளைச் சுற்றி வையுங்கள். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் இரண்டு மணி நேரம் இருந்த மண்ணை எந்தக் கூடத்தாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது.

மண்ணைக் காயவைத்து, சலித்து அனுப்பட்டுமா? உரப் பரிசோதனைக்கு அப்படித்தானே செய்வோம்?

வேண்டாம். எடுத்தபடியே அனுப்புங்கள். காயவைப்பதும் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பதும் கூடத்தின் வேலை. வெயிலில் காய்ந்தால் பாதரசம், கரைப்பான், பூச்சிமருந்தில் ஒரு பங்கு போய்விடும். கல், வேர், சருகை மட்டும் கையுறை போட்ட கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

மழை பெய்த மறுநாள் எடுக்கலாமா?

அவசரம் இல்லையென்றால் சேறு வற்றும்வரை பொறுங்கள். கழிவு புதிதாகக் கொட்டியிருந்தால் மழைக்கு முன்னால் எடுப்பதே நல்லது. எப்போது எடுத்தாலும் கடைசியாக மழை பெய்த தேதியை எழுதி வையுங்கள்.

ஏரி வண்டல் அடிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அதையும் பரிசோதிக்க வேண்டுமா?

இதைக் கேட்டாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் கேட்பவர்கள் குறைவு. 2024இலிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கி வண்டலை இலவசமாக எடுக்கலாம் என்று ஆனபின் டிராக்டர் டிராக்டராக வண்டல் கொல்லைக்குப் போகிறது. மழைநீர் மட்டும் வருகிற ஏரி என்றால் தைரியமாக அடியுங்கள், அதைவிட நல்ல உரம் கிடையாது.

ஊர்ச் சாக்கடையோ தொழிற்பேட்டைத் தண்ணீரோ கலக்கிற ஏரி என்றால் ஒரு டிராக்டர்கூட அடிக்கும் முன் பரிசோதியுங்கள். வண்டல் மெல்லிய துகள். உலோகம் மணலைவிட மெல்லிய துகளில்தான் அதிகம் ஒட்டும். பல வருடம் வந்த கழிவு அத்தனையும் அங்கே படிந்திருக்கும். கொல்லையில் பரப்பி உழுதுவிட்டால் அப்புறம் பிரித்து எடுக்கவே முடியாது. தண்ணீர் வந்து விழும் வாய்ப் பகுதி, நடு ஏரி, மதகுப் பக்கம் மூன்றிலும் தனித்தனியாக எடுங்கள். மேல் படிவு ஒரு மாதிரி, ஓரடிக்குக் கீழே ஒரு மாதிரி. நீங்கள் வெட்டப்போகும் ஆழம் வரை தெரிய வேண்டும்.

பக்கத்துக் கொல்லையில் மருந்து அடித்தார்கள், எங்கள் பட்டுப்புழு செத்துவிட்டது. மண் எடுத்து அனுப்பலாமா?

மண்ணை விடுங்கள், இலையைப் பறியுங்கள். அதுவும் இன்றைக்கே. காற்றில் வந்த மருந்து மல்பெரி இலையில்தான் படியும், பல மருந்துகள் சில நாளிலேயே சிதைந்துவிடும். பக்கத்துக் கொல்லையை ஒட்டிய வரிசையில் ஒரு கட்டு, தோட்டத்தின் மறுகோடியில் ஒரு கட்டு பறித்து, தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். செத்த புழுக்களையும் அப்படியே வையுங்கள். கழுவாதீர்கள்.

மண் எடுக்க வேண்டிய நேரம் வேறு. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை வேரில் ஊற்றியிருந்தால் அது மண்ணில் மாதக்கணக்கில் இருந்து இலைக்கு ஏறும். உங்கள் தோட்டத்தில் முன்பு வேறு பயிர் இருந்து, ஒவ்வொரு பட்டமும் புழு வீணாகிறது என்றால் மண்ணைப் பாருங்கள்.

எடுக்கிறவர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. நைட்ரைல் கையுறை, முழுக்கால் ஷூ, தூசி பறந்தால் மாஸ்க். அந்த இடத்தில் சாப்பிடவோ வெற்றிலை போடவோ பீடி பிடிக்கவோ வேண்டாம். மண்ணை முகர்ந்து பார்க்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, இங்கே அதை விட்டுவிடுங்கள். இடுப்புக்கு மேல் ஆழமான குழிக்குள் இறங்காதீர்கள், சரிந்தால் காப்பாற்ற நேரம் இருக்காது. பேர் தெரியாத டிரம் கிடந்தால் திறக்காதீர்கள், உருட்டாதீர்கள். தள்ளி நின்று 112க்கோ 101க்கோ சொல்லுங்கள்.

டப்பாவில் என்ன எழுத வேண்டும்?

மாதிரி எண், தேதி, நேரம், ஆழம், எடுத்தவர் பெயர், என்ன பார்க்க வேண்டும் என்பது. மூடியில் எழுதாமல் டப்பாவின் உடலில் எழுதுங்கள், மூடி மாறிவிடும். தண்ணீர் பட்டால் அழியாத மார்க்கர் வேண்டும். "மேற்கு மூலை" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எந்த மூலை என்று தெரியாது, போனில் இடக்குறியீட்டை எடுத்து எழுதுங்கள். குழி, சுற்றுப்புறம், டப்பா மூன்றையும் போட்டோ எடுங்கள்.

இன்னும் ஒன்று. பத்து மாதிரிக்கு ஒன்று என்று ஒரே இடத்து மண்ணை இரண்டு டப்பாவில் போட்டு, வேறு எண் கொடுத்து அனுப்புங்கள். இரண்டின் முடிவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் மற்ற எண்களையும் நம்பலாம். கரண்டியைக் கழுவிய கடைசித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பினால் உங்கள் கழுவுதல் சரியா என்பதும் தெரிந்துவிடும்.

எந்தக் கூடத்துக்குக் கொடுப்பது?

மாவட்ட மண் பரிசோதனை நிலையம், பையூர் ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இவற்றில் உரம், பயிர் பற்றிக் கேளுங்கள், நல்ல ஆலோசனை கிடைக்கும். உலோகமும் மருந்து எச்சமும் பார்க்க என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடம் வேண்டும். சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பது மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி. தண்ணீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் இருந்து, மண்ணில் பார்க்க இல்லாமல் இருக்கலாம். "மண்ணுக்கு, இந்தப் பொருளுக்கு, உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எவ்வளவு குறைந்த அளவு வரை உங்களால் பார்க்க முடியும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். விவசாய நிலத்தில் காட்மியத்துக்குக் கனடா வைத்த அளவு கிலோவுக்கு 1.4 மில்லிகிராம். கூடத்தால் 5க்குக் கீழே பார்க்க முடியாது என்றால் ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அதை "இல்லை" என்று படித்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

முதலில் நீங்கள் எடுத்த ஒப்பீட்டு மண்ணோடு. அதைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால் வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வழிகாட்டி அளவுகளோடு. கனடாவின் அளவுகளைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஈயம் விவசாய நிலத்தில் 70, குடியிருப்பில் 140, தொழிற்சாலை நிலத்தில் 600. ஒரே மண், பயன்பாட்டைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அளவுகளும் காலத்தோடு மாறும், அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு இருந்த 400ஐ 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தார்கள். மில்லிகிராம்/கிலோ என்பதும் பிபிஎம் என்பதும் மண்ணில் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். காய்ந்த எடைக்கா ஈர எடைக்கா என்று மட்டும் பாருங்கள்.

நானே எடுத்த மாதிரியை வைத்துப் புகார் கொடுக்க முடியுமா?

புகார் கொடுக்கலாம், ஆனால் வழக்கில் சான்றாக நிற்பது வேறு விஷயம். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அதற்கென்று முறை இருக்கிறது: அதிகாரம் பெற்றவர் அறிவிப்புக் கொடுத்து, இடத்துக்காரர் முன்னிலையில் எடுத்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டின் பயன், அதிகாரிகளை அங்கே வரவைப்பது. அதற்காகவே உங்கள் மாதிரியும் ஒழுங்காக இருக்க வேண்டும். யார் எடுத்தார், யார் கொண்டுபோனார், எத்தனை மணிக்கு யார் வாங்கினார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து வாங்கி ஒரு தாள் வையுங்கள்.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ கண்டறிந்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதனால் மனுவை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தோடு நிறுத்தாமல் ஊராட்சிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

அடுத்தவர் காம்பவுண்டுக்குள் ஏறிக் குதித்து மண் எடுக்காதீர்கள். உங்கள் நிலத்திலும் பொது வாய்க்கால் ஓரத்திலும் எடுத்தாலே போதும்.

மீதி மண்ணை என்ன செய்வது?

உலோகத்துக்கு எடுத்த மண் என்றால் கூடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு மாதிரியிலும் கால் கிலோ பிரித்து, சீல் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முடிவில் சண்டை வந்தால் இன்னொரு கூடத்துக்கு அனுப்ப அதுதான் கையில் இருக்கும். பாதரசமும் ஆறு இணைதிறன் குரோமியமும் நீங்கலாக, ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். தோண்டிய குழியை அதே மண்ணால், கீழ்மண் கீழும் மேல்மண் மேலுமாக மூடுங்கள். கையுறையும் அலசிய தண்ணீரும் வாய்க்காலில் போக வேண்டாம். தண்ணீரை அந்தக் கெட்ட இடத்திலேயே ஊற்றுங்கள், கையுறைகளைத் தனிக் கவரில் கட்டி, மாதிரியோடு கொடுத்தால் கூடம் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.